கைய மட்டும் எடு தம்பி!

ஷார்ட் ஃபிலிம் எடுக்க என்ன வேணும்? ஒரு பைக், ஒரு பீச், கொஞ்சம் காதல் தோல்வி... நாங்களும் அப்படித்தான் நினைச்சோம் பாஸ்! ஆனா, எங்க ஊர் விருத்தாசலத்துல பீச்சுக்கு எங்கே போக? மணிமுத்தாறு இருக்கு, பல மாசம் அதுல மணல்தான் ஓடும். ஸோ, ஹீரோ ஜங்ஷன்ல நின்னு ஹீரோயினுக்கு டாட்டா காட்டுறார்னு நாலு பக்கம் ஸ்கிரிப்ட் ரெடி. (ஸ்டேஷன்ல ஷூட் பண்ண ரயில்வேகிட்ட பர்மிஷன் வாங்கணும்னு அப்புறம்தான் தெரிஞ்சது!) படிச்சுப் பார்த்த ஹாஸ்டல் நண்பன் ஒரே கேள்விதான் கேட்டான். ''இதுல உங்க ஊர் எங்கடா?''

சுருக்குன்னு இருந்துச்சு.

2009-ல் கலைஞர் டி.வி-யில் 'நாளைய இயக்குநர்' வந்த பிறகு, குறும்படம்தான் கோடம்பாக்கத்துக்கு டிக்கெட்னு ஆகிப்போச்சு. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி எல்லாம் அந்த மேடையில இருந்து வந்தவங்க. பாலாஜி மோகனோட 'காதலில் சொதப்புவது எப்படி' 2010-ல குறும்படம், 2012-ல முழுப்படம். அதைப் பார்த்துட்டு நாங்க காப்பியடிச்சது காதலை மட்டும்தான்!

அப்போதான் இன்னொரு படம் கண்ணுல பட்டுச்சு. 'கிளாஸ்'. நெதர்லாந்துக்காரர் பெர்ட் ஹான்ஸ்ட்ரா 1958-ல எடுத்த குட்டி டாக்குமென்டரி. கண்ணாடித் தொழிற்சாலை, ஊதுற மனுஷங்க, பாட்டில் செய்யுற மெஷின், பின்னணியில ஜாஸ். அவ்ளோதான், கதையே கிடையாது! ஆஸ்கர் வாங்கியிருக்கு. பார்த்து முடிச்சதும் மண்டையில பல்பு. அட, நம்ம ஊர்லயும் ஒரு ஃபேக்டரி கூட்டம் இருக்கே!

செராமிக் தொழிற்பேட்டை. அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர்னு பீங்கான்ல என்னென்னவோ செய்யுற இடம். இந்தப் படிப்புக்குன்னே ஊர்ல ஒரு அரசு பாலிடெக்னிக் வேற. இருபது வருஷமா பஸ்ல கடந்து போயிருக்கேன், ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை.

உள்ளே போனா, அசந்துட்டோம். களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் எல்லாம் அரைச்சுக் கரைச்ச கூழை 'ஸ்லிப்'ங்கிறாங்க. அதை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டுல ஊத்துறாங்க. மோல்டு தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச, சுவரை ஒட்டி ஒரு தோல் படியுது. சரியான கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துட்டு, கொஞ்சம் காய்ஞ்சதும் மோல்டைப் பிரிக்கிறாங்க. உள்ளே ஹாலோவா ஒரு பொம்மை! சுட்டா சுருங்கிடும்கிறதால, முன்கூட்டியே அளவைப் பெருசா வெச்சுக்கிறாங்க. நாலு செமஸ்டர்ல எனக்குப் புரியாத மெட்டீரியல் சயின்ஸ், நாலு நிமிஷத்துல புரிஞ்சது.

கேமராதான் காலை வாரிடுச்சு. வெள்ளை வெளேர்னு இருந்த பொம்மைகள் மொபைல்ல அழுக்குச் சாம்பல் கலர். காரணம் சிம்பிள். ஆட்டோ எக்ஸ்போஷர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஸ்கிரீனைத் தொட்டு லாக் பண்ணி, வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் ஏத்தினதும் வெள்ளை வெள்ளையாச்சு. சூளையில இதே கதை உல்டா. 1,200 டிகிரி செல்சியஸ்ல ஜொலிக்கிற சூளை கிட்டத்தட்ட 1,500 கெல்வின். பகல் வெளிச்சம் 5,500. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்த ஆரஞ்சைத் துடைச்சு எடுத்துடும். பகலுக்கு செட் பண்ணி லாக் பண்ணினாத்தான் நெருப்பு நெருப்பா தெரியும்.

ஓரமா உட்கார்ந்து பொம்மைக்குப் பிசிறு சீவிக்கிட்டிருந்த அக்கா பக்கம் போனைத் திருப்பினேன். சட்டுனு முந்தானையால முகத்தை மறைச்சாங்க.

''கார்த்திகை வந்தா கேமராவத் தூக்கிட்டு வர்றீங்க, எடுக்கறீங்க, போயிடறீங்க. ஒரு போட்டோவாவது எங்க கைக்கு வந்திருக்கா? மூஞ்சி வேணாம். வேணும்னா கைய மட்டும் எடு தம்பி!''

பதில் சொல்ல முடியலை. எங்களுக்கும் எடுத்துட்டு ஓடுற பிளான்தானே?

ரெண்டு நாள் கையை மட்டும் எடுத்தோம். ஊத்துற கை, கவிழ்க்கிற கை, ஈர ஸ்பான்ஜால தடவுற கை. முகமே இல்லாததால, யார் எவ்ளோ வருஷமா வேலை பார்க்கிறாங்கன்னு விரலே சொல்லிடுச்சு. நாலு பக்க ஸ்கிரிப்ட்டைத் தூக்கிப் போட்டோம். படம் இதுதான்!

அடுத்த வாரம் ஸ்டுடியோவுல பன்னிரண்டு பிரின்ட் போட்டு எடுத்துட்டுப் போனோம். ஆளாளுக்கு 'இது என் கை', 'இது உன் கை'ன்னு ஒரே கலாட்டா. அக்கா மட்டும் தன் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க. ''என்ன தம்பி, நகமெல்லாம் மண்ணோட எடுத்திருக்க? வீட்ல எப்படிக் காட்டுறது? இரு, கழுவிட்டு வர்றேன். வேற எடு!''

''அக்கா, அந்த மண்ணுதான் அழகே!''ன்னு எங்க கேமராமேன் கெஞ்சினான்.

''உனக்கு அழகு. கை என்னுது!''

சோப்புப் போட்டுக் கழுவி, வளையலைச் சரிபண்ணிட்டு வந்து உட்கார்ந்தாங்க. எடுத்தோம்.

இப்போ எங்ககிட்ட ரெண்டு ஷாட் இருக்கு. மண்ணு கை ஒண்ணு, கழுவின கை ஒண்ணு. எதை வைக்கிறதுன்னு எடிட்டிங் டேபிள்ல மூணு நாளா சண்டை ஓடிக்கிட்டிருக்கு!