ஆன்லைனில் வாங்கிய பொருள் பழுதா? தளம் சொல்லும் கெடுவோடு உங்கள் உரிமை முடிவதில்லை

ஆசையாக வாங்கிய லேப்டாப், மூன்றாவது வாரமே திரையில் கோடு விழுகிறது. விற்ற தளத்தைக் கேட்டால், "திருப்பி அனுப்பும் நாள் முடிந்துவிட்டது, கம்பெனியிடம் பேசுங்கள்" என்கிறார்கள். கம்பெனியைக் கேட்டால் சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே போனால், "பார்ட்ஸ் இன்னும் வரவில்லை." இப்படி அலைந்து களைத்த பலர் போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை.

திருப்பி அனுப்பும் நாள் முடிந்தால் எல்லாம் முடிந்ததா? இல்லை. உங்களுக்கு மூன்று கெடுக்கள் உண்டு. முதலாவது, திருப்பி அனுப்பவோ மாற்றிக்கொள்ளவோ தளம் தரும் சில நாட்கள். இரண்டாவது, வாரன்டி (குறித்த காலத்துக்குள் பழுதானால் சரிசெய்து தருவதாகக் கம்பெனி தரும் உறுதி). மூன்றாவது, சட்டம் தரும் கெடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் நீங்கள் முறையிடலாம். தொலைபேசியில் பேசுபவர் சொல்வது முதல் கெடுவை மட்டும்தான்.

யாரிடம் கேட்பது? பில்லை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான தளங்கள் நேரடியாக விற்பதில்லை. விற்பவரையும் உங்களையும் இணைத்துவிடுகின்றன. பில்லில் இருப்பது வேறொரு விற்பனையாளரின் பெயராக இருக்கும். எனவே புகாரை விற்பவர், தளம், தயாரித்த கம்பெனி ஆகிய மூவருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிப்பது அப்போது கடினமாகும்.

பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று விற்பவர் சொல்ல முடியுமா? முடியாது. 2020-இல் வந்த மின்வணிக விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாவிட்டாலோ, திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. "பிடிக்கவில்லை" என்று திருப்பித் தருவது வேறு, பழுது என்று திருப்பித் தருவது வேறு. எனவே புகாரில் காரணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனமாக இருங்கள்.

பார்சல் வந்த அன்றே என்ன செய்ய வேண்டும்? உறையைப் பிரிப்பதற்கு முன்பிருந்தே இடைவெளியில்லாமல் வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டும், பெட்டியிலுள்ள சீரியல் எண்ணும், பொருளில் உள்ள எண்ணும் அதில் தெரியட்டும். போன் என்றால் *#06# அழுத்தினால் ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உரிய 15 இலக்க அடையாள எண்) வரும்; அது பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சார்ஜ், ஸ்பீக்கர், கேமரா, வைஃபை எல்லாவற்றையும் முதல் இரண்டு நாட்களிலேயே சோதித்துவிடுங்கள். பண்டிகைக்குத் திறக்கலாம் என்று எடுத்துவைத்தால் முதல் கெடு வீணாகிவிடும்.

தொலைபேசியில் பேசினால் போதாதா? பேசுங்கள், ஆனால் பேசியதை அன்றே எழுத்தாக்குங்கள். "இன்று காலை பேசினேன், ஐந்து நாளில் ஆள் வருவார் என்றீர்கள்" என்று ஒரு வரி மின்னஞ்சல் போதும். சாட்டில் பேசினால் பெட்டியை மூடும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஒவ்வொரு புகாருக்கும் எண் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணைத் தருவது தளத்தின் கடமை. சரியாகாமலேயே "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தால், "தீரவில்லை" என்று அன்றே பதில் எழுதுங்கள். பதில் போகாவிட்டால், பிரச்சினை தீர்ந்ததென்று அவர்களுடைய பதிவேடு மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும்.

சர்வீஸ் சென்டரில் எதைக் கவனிக்க வேண்டும்? பொருளைக் கொடுக்கும் முன் நான்கு பக்கமும், சார்ஜ் போடும் துளையையும் படம் எடுங்கள். பிறகு "கீறல் இருக்கிறது, தண்ணீர் பட்டிருக்கிறது, வாரன்டி செல்லாது" என்று சொன்னால் இந்தப் படங்கள் பேசும். ஜாப் ஷீட் (பழுது விவரமும் தேதியும் எழுதிய சீட்டு) வாங்காமல் வெளியே வராதீர்கள். அதில் நீங்கள் சொன்ன பழுது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஒரே பழுதுக்கு மூன்று ஜாப் ஷீட் இருந்தால், பொருளிலேயே குறை இருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. போனோ லேப்டாப்போ என்றால், அதிலுள்ள உங்கள் படங்களையும் கோப்புகளையும் முன்கூட்டியே நகலெடுத்து, வங்கி ஆப்களை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடலாமா? வேண்டாம். மோசடிக்காரர்கள் போலி எண்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். எண்ணை ஆப்பிலிருந்தோ பில்லிலிருந்தோ மட்டும் எடுங்கள். பணம் திரும்பி வர நீங்கள் யுபிஐ பின் போடவோ, ஓடிபி சொல்லவோ, திரையைப் பகிரும் ஆப்பை இறக்கவோ தேவையே இல்லை. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

சேவைப் பிரிவு கைவிட்டால் அடுத்து யார்? ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். பக்கத்தின் அடியில் இதைத் தேடுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று அவர் உறுதிசெய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு என்ன எழுதுவது? கோபத்தை விட்டுவிட்டு விவரத்தை எழுதுங்கள். ஆர்டர் எண், வாங்கிய தேதி, கொடுத்த தொகை, என்ன பழுது, எப்போதிலிருந்து, இதுவரை பெற்ற புகார் எண்கள். கடைசியில் உங்கள் கோரிக்கை: "15 நாட்களுக்குள் மாற்றுப் பொருளோ முழுப் பணமோ தர வேண்டும், தவறினால் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்."

அதற்கும் அசையவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவர்கள் உங்கள் புகாரைப் பதிவுசெய்து கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அது நீதிமன்றம் அல்ல, உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. ஆனாலும் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு முதலில் நாட வேண்டிய வழி இதுதான்.

வழக்கு என்றால் வக்கீல், செலவு, அலைச்சல் என்று பயமா? மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே மனு போடலாம். பழுதை நீக்கித் தரச் சொல்லவும், மாற்றுப் பொருள் அல்லது வட்டியோடு பணம் தரச் சொல்லவும், இழப்பீடு வழங்கச் சொல்லவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உத்தரவை மீறினால் சிறைத் தண்டனை வரை போகும்.

எவ்வளவு காலம் ஆகும்? 3 மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதங்கள். நடைமுறையில் பல வழக்குகள் இதைத் தாண்டி இழுக்கின்றன. அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கும் இது பொருந்துமா? மறுவிற்பனைக்கும் வணிகத்துக்கும் வாங்கியதற்குப் பொருந்தாது. ஆனால் சொந்தப் பிழைப்புக்காக ஜெராக்ஸ் கடையில் நீங்களே வைத்து ஓட்டும் பிரின்டர் என்றால் நீங்களும் நுகர்வோர்தான்.

இப்போது ஏதாவது ஒரு பொருள் உங்களை அலைய வைத்துக்கொண்டிருந்தால், இன்றைக்கே இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். பில், படங்கள், ஜாப் ஷீட், மின்னஞ்சல்கள் அனைத்தையும் தேதிவாரியாக ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். பிறகு குறைதீர் அலுவலருக்கு அந்த மின்னஞ்சலை அனுப்புங்கள். நீங்கள் உழைத்துச் சம்பாதித்த பணம் அது; அதைக் கேட்டு வாங்க யாரிடமும் தயங்கி நிற்க வேண்டியதில்லை.