விளக்கால் பேசும் கப்பல்கள்

"நீர்மூழ்கிக் கப்பலில் ரேடியோ இருக்கும்போது விளக்கைக் காட்டி ஏன் பேசுகிறார்கள்?" எட்டாம் வகுப்பில் ஒளி பற்றிய பாடம் நடத்தும்போது மாணவி ஒருத்தி கேட்டாள். எனக்கு உடனே விடை தெரியவில்லை. "நாளை சொல்கிறேன்" என்றேன். அன்றிரவு படித்துத் தெரிந்துகொண்டதைப் பகிர்கிறேன்.

ரேடியோ அலைகள் எல்லாத் திசைகளிலும் பரவும். எதிரிக்கும் அவை கேட்கும். அலை வரும் திசையை இரண்டு இடங்களிலிருந்து கண்டறிந்தால், அனுப்பிய கப்பல் இருக்கும் இடம் தெரிந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பல இவ்வாறே சிக்கின. சைகை விளக்கின் குவிந்த கற்றையோ, காட்டிய திசையில் மட்டுமே செல்லும். எனவே நீர்மட்டத்துக்கு வந்த நீர்மூழ்கி, எதிரே தெரியும் கப்பலுடன் ரேடியோவைத் தொடாமலே பேச முடியும். நீருக்கடியில் இம்முறை பயன்படாது. கடல்நீர் ஒளியை விரைவில் உறிஞ்சிவிடும். அதிலும் சிவப்பு முதலில் மறையும், நீலமும் பச்சையும் சற்றுக் கூடுதல் ஆழம் செல்லும்.

நீண்ட ஒளிர்வு, குறுகிய ஒளிர்வு என்ற முறையை 1860களில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிலிப் கோலம் உருவாக்கினார். பின்னர் மோர்ஸ் குறியீடு நிலைத்தது. அதில் ஒரு கோட்டின் நேரம் மூன்று புள்ளிகளின் நேரத்துக்குச் சமம். இழை விளக்கை அணைத்தால் அது சட்டென்று இருளாது. அதனால் விளக்கை எரியவிட்டு, முன்னாலுள்ள தகடுகளைத் திறந்து மூடுவார்கள்.

என்னைக் கவர்ந்தது இன்னொரு விதி. ஒவ்வொரு சொல்லும் புரிந்ததும், பெறுபவர் ஒரு நீண்ட ஒளிர்வு காட்ட வேண்டும். அது மோர்ஸில் 'டி' என்ற எழுத்து. அந்த ஒளிர்வு வராவிட்டால் அனுப்புபவர் அடுத்த சொல்லுக்குப் போகமாட்டார். அதே சொல்லை மீண்டும் அனுப்புவார்.

மறுநாள் வகுப்பை இரு குழுக்களாகப் பிரித்து, டார்ச் விளக்கும் அட்டையும் கொடுத்தேன். மோர்ஸ் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதினேன். முதல் முறை 'டி' விதியைச் சொல்லவில்லை. அனுப்பிய குழு வேகமாக முடித்தது. எதிர்க்குழுவுக்குப் பாதிகூடப் புரியவில்லை. விதியைச் சொன்ன பிறகு நேரம் கூடியது. ஆனால் செய்தி முழுமையாகப் போய்ச் சேர்ந்தது.

அன்று கேள்வி கேட்ட மாணவிக்கு விடை கிடைத்தது. எனக்கோ ஒரு கேள்வி எழுந்தது: பாடத்தை முடிக்கும் அவசரத்தில், வகுப்பிலிருந்து அந்த ஒளிர்வு வரும்வரை நான் காத்திருக்கிறேனா?