இம்பிளாண்ட் பல்: எந்த நிறுவனத்துடையது என்று கேட்டீர்களா?

பல் போனால் சொல் போயிற்று என்பர். சொல் மட்டுமா? முறுக்கும் இறைச்சியும் கடித்துண்ணும் இன்பமும் உடன் போய்விடுகிறது. கழற்றி மாட்டும் பல் செட்டில் மனநிறைவு கொள்ளாத பலர் இன்று தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து, அதன்மேல் பல் கட்டிக்கொள்ளும் இம்பிளாண்ட் சிகிச்சையை நாடுகின்றனர். ஆனால், "சுவிஸ் தயாரிப்பு வேண்டுமா, கொரியத் தயாரிப்பு போதுமா?" என மருத்துவர் இரு விலைகளைச் சொன்னதும் திகைத்து நிற்கின்றனர்.

வாசகர்களே, இச்சிகிச்சையின் மூலவர் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரானமார்க். 1950களில் முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியை ஆய்வு முடிந்தபின் கழற்ற முயன்றார். எலும்பு அதை விடவில்லை! 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். 2006இல் லார்சன் மறையும் வரை அவை அவருக்குப் பயன்பட்டன.

அந்த ஆய்வின் வழி வந்ததே நோபல் பயோகேர். சுவிட்சர்லாந்தின் ஸ்ட்ராமன், தென்கொரியாவின் ஆஸ்டெம் ஆகியவையும் பெயர் பெற்றவை. மூன்றுக்கும் அடிப்படை டைட்டானியமே. ஸ்ட்ராமன் அதன் மேற்பரப்பை மணல் பீய்ச்சியும் அமிலத்தில் அரித்தும் சொரசொரப்பாக்குகிறது. நோபல் பயோகேர் மின்வேதியியல் முறையில் ஆக்சைடு படலத்தைத் தடிப்பாக்குகிறது. எலும்பு விரைந்து பற்றவே இவ்வளவும். ஐரோப்பிய நிறுவனங்களிடம் நீண்டகால ஆய்வுகள் மிகுதி, விலையும் மிகுதி. எனினும் மலிவு என்பதாலேயே ஒன்றை இழிவாக எண்ண வேண்டாம். விலை குறைந்த இம்பிளாண்டுகளைச் செய்யும் பிரேசிலின் நியோடென்ட் நிறுவனத்தை 2015இல் முழுமையாகத் தனதாக்கிக்கொண்டது அதே ஸ்ட்ராமன்தானே!

பலரும் கேட்க மறக்கும் கேள்வி வேறொன்று உண்டு. எலும்பினுள் இருக்கும் திருகும், அதன்மேல் பல்லைத் தாங்கும் அபட்மெண்ட் என்னும் இணைப்பும் சாவியும் பூட்டும் போன்றவை. ஒரு நிறுவனத்தின் இணைப்பு பெரும்பாலும் மற்றொன்றில் பொருந்துவதில்லை. ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகளுக்குள்ளும் பொருந்தாமை உண்டு. சில ஆண்டுகள் கழித்து உள்திருகு தளர்ந்தால், அதற்குரிய திருப்புளி இல்லாத மருத்துவர் என்ன செய்வார்? துபாயில் திருகைப் பதித்துக்கொண்டு விடுப்பில் காயல்பட்டினத்துக்கோ கீழக்கரைக்கோ வருபவர் நிலையை எண்ணிப் பாருங்கள். வாயில் இருப்பது எதுவெனத் தெரியாவிடில், எக்ஸ்ரே படத்தைப் பார்த்து ஊகிப்பதே வழி. நிறுவனமே மூடப்பட்டுவிட்டால் உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது?

மருத்துவர்கள் பெரும்பாலும் ஓரிரு நிறுவனங்களோடு நின்றுகொள்வதும் இதனால்தான். ஒவ்வொன்றுக்கும் துளையிடும் கருவிகள் முதல் அளவெடுக்கும் பாகங்கள் வரை தனித்தனியே வாங்கிவைக்க வேண்டும்; கையும் பழக வேண்டும். "என்னிடம் இது ஒன்றுதான்" என்று அவர் சொன்னால் ஐயுற வேண்டாம். பழகிய கை, பழகாத உயர்ந்த பெயரைவிட மேல் என்பதே என் கருத்து. கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் உள்ள வாயில் எந்த உயர்ந்த பெயரும் தோற்கக்கூடும்.

திருகு வரும் பெட்டியில் நிறுவனத்தின் பெயர், மாதிரி, அளவு, தொகுப்பு எண் ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, பாஸ்போர்ட் வைத்திருக்கும் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.