புல்லட் பாதி வழியில் நின்றால்...

நம் சங்க உறுப்பினர்களில் பழைய புல்லட்டை இன்றும் விடாமல் வைத்திருப்பவர்கள் கணிசமாக உண்டு. தகப்பனார் வாங்கியது, வசூலுக்குப் போய்ப் பழகியது, விற்க மனம் வராதது என்று ஆளுக்கொரு காரணம். 1950-களில் சென்னையில் தயாரிக்கத் தொடங்கிய அந்த வண்டி, பின்னால் ஒரு மூட்டைச் சரக்கை ஏற்றினாலும் மண் சாலையில் அசராமல் போகும் என்பதால்தான் நம் தொழிலோடு ஒட்டிக்கொண்டது. சுமார் பதினைந்து ஆண்டுகளாக வரும் புதிய புல்லட்டுகளில் எல்லாம் எலெக்ட்ரானிக் முறைதான். நான் இங்கே எழுதுவது அதற்கு முந்தைய, பாயிண்ட் வைத்த வண்டிகளைப் பற்றி மட்டுமே.

இந்த வண்டிகளைப் பற்றி என் காதுக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணாச்சி, கிக்கரை உதைச்சு உதைச்சுக் காலே போச்சு. ஸ்டார்ட் ஆனாலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் நின்னுடுது." இதுவரை என்னென்ன மாற்றினீர்கள் என்று கேட்டால் பேட்டரி, பிளக், காயில், கார்புரேட்டர் என்று பட்டியல் வரும். எதைச் சோதித்துப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. பாயிண்ட் வண்டியில் கைப்பழக்கம் உள்ள பழைய மெக்கானிக்குகள் குறைந்துவிட்டார்கள். புதிதாக வருகிற பிள்ளைகள் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்க்கிறார்கள். செலவு நம்முடையது.

குடோனிலிருந்து கிளம்பிய சரக்கு கடைக்கு வரும்போது எடை குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? கிளம்பிய இடம், ஏற்றிய இடம், இறக்கிய இடம் என்று வரிசையாக நிறுத்துப் பார்க்கிறோம். கரண்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அது பேட்டரியில் கிளம்பி, சாவி வழியாகக் காயிலுக்கு வந்து, காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடும். பாயிண்ட் திறந்த அந்த நொடியில் ஓட்டம் சட்டென்று அறுபடும். அப்படி அறுபடும்போதுதான் 6 வோல்ட்டோ 12 வோல்ட்டோ பல ஆயிரம் வோல்ட்டாக எழும்பி, தடித்த ஒயர் வழியாகப் பிளக்குக்குப் போய்ப் பொறியாகிறது. பாயிண்டின் முனையிலேயே பொறி பறந்து வீணாகாமல், ஓட்டம் சுத்தமாக அறுபட உதவுவது கன்டென்சர் என்ற சிறிய டப்பி. இவ்வளவுதான் விஷயம்.

இந்த வழியைச் சோதிக்கத் தனியாகக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஹெட்லைட்டின் மேலே உள்ள அம்பியர் மீட்டரே போதும். பலர் அதை அழகுக்கு வைத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, சாவியைப் போடுங்கள். விளக்குகள் அணைந்திருக்கட்டும், பிரேக்கில் கால் படவேண்டாம். டீகம்ப்ரஷர் பிடியை அழுத்திக்கொண்டு கிக்கரை மெதுவாக இறக்குங்கள். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சற்றே சாய வேண்டும். திறக்கும்போது நடுவுக்குத் திரும்ப வேண்டும்.

முள் அசையாமல் நடுவிலேயே நின்றால் கரண்ட் பாயிண்ட் வரை வந்து திரும்பவில்லை என்று பொருள். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பச்சைப் பொடி, தளர்ந்த எர்த் ஒயர், தேய்ந்த சாவிப் பூட்டு, அழுக்கேறிய பாயிண்ட் முகம் இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். பேட்டரி முனையின் பொடிக்கு நம் கடையிலேயே மருந்து இருக்கிறது. ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்து, பேட்டரிக்குள் சொட்டுக்கூட இறங்காமல் துடைத்தால் போதும். துடைத்துக் காய்ந்த பிறகு முனைகளை இறுக்கி, கொஞ்சம் வாசலின் தடவி விடுங்கள்.

மாறாக முள் மைனஸ் பக்கமே சாய்ந்து நின்று திரும்பாவிட்டால், பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அந்த ஒயர் எங்கோ உடம்பில் பட்டு எர்த் ஆகிறது, அல்லது கன்டென்சர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டது. கன்டென்சர் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது முள் ஒழுங்காக ஆடினால் குற்றவாளி கன்டென்சரே.

முள் சரியாக ஆடியும் வண்டி எழவில்லையா? அப்போது பிளக்கைக் கழற்றி, கேப்போடு சிலிண்டரின் மேல் சாய்த்து வைத்து உதைத்துப் பாருங்கள். பிளக் துளையை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவி வெளியே வரும், பொறி பட்டால் தீப்பிடிக்கும். கார்புரேட்டர் ஒழுகும் வண்டியில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. ஒழுக்கை அடைத்த பிறகுதான் செய்ய வேண்டும். நீலமாகவும் தடிப்பாகவும் பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால், வெளிக்காற்றில் அந்த மட்டும் தெரிகிற பொறி சிலிண்டரின் அழுத்தத்துக்குள் வராமலே போகலாம். முதலில் புதுப் பிளக் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், அதுதான் மலிவு. பிறகு கேப், தடித்த ஒயர். ஒயரில் வெடிப்பு இருந்தால் இருட்டில் வண்டியை ஓடவிட்டுப் பார்த்தாலே கசிகிற பொறி கண்ணுக்குத் தெரியும். மழை நாளில் மட்டும் மக்கர் செய்யும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் இதுதான் வியாதி.

பாயிண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்ஜினின் வலப்பக்கம் மூடியைக் கழற்றினால் அது தெரியும். நன்றாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கண்ணளவில் வைப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பில்லர் கேஜ் ஒன்று சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், பொறியும் தாமதமாகும். வண்டி இழுக்காது, சூடேறும். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும் என்பதால், முதலில் இடைவெளி, அதன் பிறகே டைமிங் என்ற வரிசையை மாற்றக் கூடாது. முகத்தைத் தேய்க்க உப்புத்தாள் போடுகிறவர்கள் உண்டு. அதன் மணல் துகள் பாயிண்டில் பதிந்து மறுபடி தொல்லை கொடுக்கும். மெல்லிய அரம் போதும். பிறகு பெட்ரோலில் நனைத்த சுத்தத் துணியால் துடைத்து, உலர்ந்ததும் ஒரு அட்டையை இடையே வைத்து இழுத்துவிட வேண்டும். கேமுக்கு எண்ணெய் ஒரு சொட்டு போதும். அதிகமானால் அது பாயிண்டுக்கே வந்து சேரும்.

இனி, ஓடி ஓடி நிற்கும் வண்டி. ஆளைப் பயமுறுத்துவது இதுதான். நம் சக வியாபாரி ஒருவர் சாத்தூர்ப் பக்கம் வசூலுக்குப் போவார். புறப்படும்போது ஒரே உதையில் எழும் வண்டி, பன்னிரண்டு கிலோமீட்டரில் திணறி அணைந்துவிடும். அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் மறுபடி எழும். பேட்டரியும் காயிலும் புதிதாகப் போட்டாயிற்று, கார்புரேட்டர் இரண்டு தடவை கழுவியாயிற்று. ஒரு நாள் பொழுது சாய்ந்த நேரம், வசூல் பை மடியில், நாற்கர சாலையில் பஸ்ஸை முந்தும்போது இன்ஜின் அணைந்திருக்கிறது, பின்னால் லாரி. எப்படியோ ஓரம் வந்துவிட்டார். மறுநாளே வண்டியை இரும்புக்கடை விலைக்குப் பேசிவிட்டார்கள் வீட்டில்.

இப்படி நிற்கும் வண்டிக்கு இரண்டு சந்தேகம் உண்டு. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் பெட்ரோல் இறங்காமல் நிற்கும். நின்ற உடனே மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும், சிறிது நேரத்தில் வண்டி எழுந்துவிடும். அவருடைய வண்டியில் அப்படி இல்லை. சூடு ஆறும் முன் பாயிண்ட் மூடியைக் கழற்றி உதைத்துப் பார்த்ததில், பாயிண்ட் முனையில் தடித்த நீலப் பொறி பறந்தது, பிளக்கில் பொறியே இல்லை. கன்டென்சர் சூடேறியதும் கைவிட்டிருக்கிறது. குளிர்ந்த நிலையில் பட்டறையில் நின்ற வரை அதன் குறை யாருக்கும் தெரியவில்லை. ஒன்றிரண்டு கிலோ துவரம்பருப்பின் விலைதான் அந்தச் சாமான். வண்டி இன்னும் அவரிடமே இருக்கிறது.

அந்தப் பழைய கன்டென்சரே ஆறு மாதம் முன்புதான் போட்டதாம். பெட்டி, முத்திரை எல்லாம் அசல் மாதிரியே இருந்திருக்கிறது. கலப்பட மிளகும் மிளகு மாதிரிதானே இருக்கிறது? வாங்கும்போது பழைய கடையாகப் பார்த்து, பில் போட்டு, இரண்டாக வாங்கி ஒன்றை வண்டியிலேயே வையுங்கள். இன்ஜின் சூட்டிலிருந்து தள்ளி, காயிலுக்குப் பக்கத்தில் கன்டென்சரை மாட்டுகிற மெக்கானிக்குகளும் உண்டு. அதன் உடம்பு நன்றாக எர்த் ஆகும்படி மாட்டினால் தவறில்லை. காயில் வாங்கும்போது வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்துச் சொல்லுங்கள். 12 வோல்ட் வண்டியில் 6 வோல்ட் காயில் சூடேறிக் கெடும். வண்டியை நிறுத்தினால் சாவியை எடுத்துவிடவும் மறக்க வேண்டாம். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயிலும் வேகும், பேட்டரியும் தீரும்.

பாயிண்டே வேண்டாம் என்று எலெக்ட்ரானிக் யூனிட் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். தினம் ஓட்டும் வண்டிக்கு அது வசதிதான், தேயும் பாயிண்ட் இல்லை. ஆனால் அது வழியில் போய்விட்டால் அரமும் அட்டையும் உதவாது. ஆகவே கழற்றிய பாயிண்ட், பிளேட், கன்டென்சர் மூன்றையும் எண்ணெய்த் தாளில் சுற்றி, எந்த ஒயர் எங்கே என்று ஒரு சீட்டில் எழுதி, பில்லர் கேஜோடு சேர்த்து டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள்.