கரைந்துபோகத் தெரிந்த செடி

இங்கிலாந்தில் ஒரு சிறு தோட்டம். மண்வெட்டியும் வாளியும் வைக்கும் மரக் கொட்டகையின் சுவரில் ஒரு பிளாஸ்டிக் வடிகுழாயை ஆள் உயரத்துக்கு நிமிர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அடிவாய் மூடியிருக்கிறது. மூடியில் ஒரு சிறு துளை, துளைக்குக் கீழே ஒரு பழைய பாட்டில். குழாயின் மேல்வாய் வழியாகப் பெரிய பெரிய பச்சை இலைகளைத் திணித்து, அவற்றின் மேல் கனத்துக்காக, தண்ணீர் நிரப்பிய இன்னொரு பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கிவிடுகிறார்கள். குழாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. இரண்டு வாரம் போனதும் கீழே கறுப்பாக ஏதோ சொட்டத் தொடங்கும், காய்ச்சிய வெல்லப்பாகு நிறத்தில். மேலிருந்து பார்த்தால் இலைகள் பாதிக் குழாய்க்கு இறங்கியிருக்கும். இன்னும் சில வாரத்தில் குழாய் கிட்டத்தட்டக் காலி.

நம் வீட்டு வாசலில் விழுந்த மாவிலை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. இந்த இலை மட்டும் எப்படித் தானாகவே சாறாகிப் போகிறது?

செடியின் பெயர் கம்ஃப்ரி. அது வளரும் இடத்தை அங்கே அலாட்மென்ட் என்பார்கள்: ஊர் நிர்வாகம் மக்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடும் காய்கறித் தோட்டத் துண்டு. கேட்பவர்களுக்கு இப்படி நிலம் ஒதுக்குவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கிய சட்டம் 1908-ல் வந்தது. ஒரு முழுத் துண்டின் பழைய அளவு 10 ராட். நம் கணக்கில் அது சரியாக ஆறேகால் சென்ட், அதாவது ஒரு கிரவுண்டைவிடக் கொஞ்சம் கூடுதல். அதில் உருளைக்கிழங்கு, தக்காளி, பீன்ஸ், வெங்காயம் எல்லாம் போட்டபின் மிஞ்சும் மூலையில், மட்குக் குவியலுக்குப் பக்கத்தில், நாலைந்து கம்ஃப்ரிச் செடிகள் புதராக நிற்கும். உயரம் இடுப்பளவு. இலை முழங்கை நீளம். தடவிப் பார்த்தால் பூனை நாக்குப் போலச் சொரசொரக்கும். யாரும் அதைச் சமைப்பதில்லை, சந்தைக்கும் கொண்டுபோவதில்லை. அந்தத் தோட்டத்துக்கு உரம் தருவதுதான் அதன் வேலை.

ரகசியம் இலையின் கட்டுமானத்தில் தொடங்குகிறது. ஒரு செடி நிமிர்ந்து நிற்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாரும் லிக்னினும் சேர்த்துக் கட்டுவது. லிக்னின் என்பது செல்களின் சுவரை இறுக்கும் ஒருவகைச் சிமென்ட். தேங்காய் மட்டையில் அது நிறைய இருப்பதால்தான் மட்டை மட்க வருடக்கணக்காகிறது. இன்னொன்று, செல்களுக்குள் தண்ணீரை நிரப்பி அதன் அழுத்தத்தில் விறைத்து நிற்பது, காற்றடித்த சைக்கிள் டயர் மாதிரி. கம்ஃப்ரி இலை பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில் நிற்கிறது. நார் குறைவு, நீர் அதிகம். வெட்டிப் போட்டால் வெயிலில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றிறங்கிய டயர்போலத் துவண்டுவிடும்.

அடுத்தது நுண்ணுயிர்களின் பசி. இலையைத் தின்று மட்கவைக்கும் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் கார்பன் எரிபொருள், நைட்ரஜன் உடலைக் கட்டும் செங்கல். நைட்ரஜனைத்தான் நம் விவசாயிகள் தழைச்சத்து என்கிறார்கள். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் கிடைத்தால் அவற்றுக்கு நிறைவான சாப்பாடு. வைக்கோலில் கார்பன் 80 பங்கு வரை போகும், மரத்தூளில் பல நூறு. அவற்றை மண்ணில் புதைத்தால் நுண்ணுயிர்கள் பற்றாக்குறைக்கு மண்ணின் நைட்ரஜனைக் கடன் வாங்கும், பக்கத்திலிருக்கும் பயிர் வெளுக்கும். வாடிய கம்ஃப்ரியில் ஒன்றுக்குப் பத்துத்தான். நுண்ணுயிர்கள் தின்றது போக நைட்ரஜன் மிஞ்சுகிறது, மிஞ்சியது பயிருக்குப் போகிறது. அதனால்தான் அங்கே உருளைக்கிழங்கு நடும் பள்ளத்தில் ஒருநாள் வாடவிட்ட இலைகளை நேரடியாகப் பரப்பி, அதன் மேலேயே விதைக்கிழங்கை வைக்கிறார்கள். வைக்கோலை அப்படி வைத்தால் கிழங்கு பட்டினி கிடக்கும்.

ஆனாலும் தோட்டக்காரர்கள் இந்தச் செடியைக் கொண்டாடுவது நைட்ரஜனுக்காகக்கூட இல்லை, பொட்டாசியத்துக்காக. தமிழில் அதற்குச் சாம்பல்சத்து என்று பெயர். ஆங்கிலத்தில் பொட்டாஷ் என்ற சொல்லும் பானையில் கரைத்துக் காய்ச்சிய சாம்பலில் இருந்தே வந்தது. வெகு தூரத்து இரண்டு மொழிகள் ஒரே அடுப்பைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கின்றன. இங்கிலாந்தின் லாரன்ஸ் ஹில்ஸ் வெளியிட்ட பகுப்பாய்வின்படி 100 கிலோ தொழுவுரத்தில் 320 கிராம் சாம்பல்சத்து இருந்தது. அதே எடை வாடிய கம்ஃப்ரியில் 1.19 கிலோ. கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பொட்டாசியத்தின் குணம். நைட்ரஜன் புரதத்துக்குள் நெய்யப்பட்டுவிடுகிறது. மணிச்சத்தான பாஸ்பரஸ் மரபணு இழையின் முதுகெலும்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. பொட்டாசியம் மட்டும் செடியின் எந்தக் கட்டுமானத்திலும் பூட்டிக்கொள்வதில்லை. செல்லின் நீரில் மின்னூட்டமுள்ள தனி அணுவாக, அதாவது அயனியாக, கடைசிவரை நீந்திக்கொண்டே இருக்கிறது. அது போகும் பக்கம் தண்ணீரும் போகும். இலைத்துளைகளைக் காவல் காக்கும் செல்களுக்குள் பொட்டாசியம் நுழைந்தால் நீர் பின்தொடர்ந்து, செல் உப்பி, துளை திறக்கும். அது வெளியேறினால் துளை மூடும். தக்காளிக்குள் சர்க்கரை போய்ச் சேரவும் அதன் உதவி வேண்டும். எதிலும் ஒட்டாத இந்தக் குணத்தால்தான், செல் கிழிந்த அடுத்த கணமே அது சாறோடு வழிந்துவிடுகிறது. வடிகுழாயின் அடியில் சொட்டும் கறுப்பு நீரில் அது நிறைந்திருக்கிறது. ஒரு டம்ளர் சாற்றுக்குப் பத்து முதல் இருபது டம்ளர் தண்ணீர் சேர்த்துக் காய் பிடிக்கத் தொடங்கிய தக்காளிக்கும் பீன்ஸுக்கும் ஊற்றுவார்கள். இலையைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடும் வழக்கமும் உண்டு. புரதம் காற்றில்லாமல் அழுகுவதால் எழும் அந்த நாற்றம் பக்கத்துத் துண்டுக்காரரையும் எட்டும். குழாய் முறை பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு சாம்பல்சத்து எங்கிருந்து வருகிறது? ஆழமான மண்ணில் கம்ஃப்ரியின் வேர் ஆள் ஆழத்துக்கும் இறங்கும். மற்ற பயிர்கள் எட்டாத அடிமண்ணிலிருந்து சத்தை இறைத்துத் தரும் செடி என்று இதைப் புகழ்வார்கள். அழகான கற்பனைதான், ஆனால் அதை முழுதாக நம்ப எனக்குத் தயக்கம். எந்தச் செடியும் உணவில் பெரும்பகுதியை மேல்மண்ணில்தான் தேடுகிறது. மெலிந்த மண்ணில் கம்ஃப்ரியும் மெலிந்துதான் வளர்கிறது. அனுபவசாலிகள் அதற்கு மற்ற செடிகளைக் கருக்கிவிடும் பச்சைக் கோழி எருவையே போடுகிறார்கள், அதுவும் தாராளமாக. அந்தக் காரத்தைத் தாங்கி, உள்வாங்கி, மென்மையான இலையாக மாற்றித் திருப்பித் தருகிறது. இந்த மாற்றித் தரும் திறமையே எனக்குப் போதுமான அதிசயம்.

இப்போது அரிவாளை எடுப்போம். நன்றாக வேரூன்றிய செடியைத் தரையோடு ஒட்ட அறுத்தால் ஒரு தடவைக்கு இரண்டு கிலோ அளவுக்கு இலை கிடைக்கும். ஐந்தாறு வாரத்தில் மறுபடி அதே உயரம். வசந்தத்திலிருந்து இலையுதிர்காலத் தொடக்கம் வரை நான்கு ஐந்து அறுப்பு. இலையே இல்லாத செடி எதை வைத்து எழும்புகிறது? மண்ணுக்குக் கீழே, கறுப்புத் தோலும் வெள்ளை உள்ளும் வழவழப்புமான தடித்த வேரில், சேமிப்பு இருக்கிறது. அந்தச் சேமிப்பின் ஒரு பகுதி அலன்டாயின் என்ற சிறிய மூலக்கூறு. புரதத்தில் மூன்று நான்கு கார்பனுக்கு ஒரு நைட்ரஜன் இருக்கும். அலன்டாயினிலோ நான்கு கார்பனுக்கு நான்கு நைட்ரஜன். சிறிய பெட்டியில் நிறையப் பணம் கட்டிவைத்த மாதிரி. நம் உளுந்தும் பாசிப்பயறும் காராமணியும் இதே தந்திரத்தைத்தான் கையாளுகின்றன: வேர்முடிச்சில் பிடித்த நைட்ரஜனை அலன்டாயின் வகைச் சரக்காக்கித் தண்டுக்கு ஏற்றி அனுப்புகின்றன.

அதே மூலக்கூறு இன்னொரு கதைக்குள்ளும் வருகிறது. கம்ஃப்ரியின் பழைய ஆங்கிலப் பட்டப்பெயருக்கு எலும்பைப் பின்னுவது என்று பொருள். அதன் தாவரவியல் பெயரான சிம்ஃபைட்டம், ஒன்றாக வளர்தல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் வேரைத் துருவி, அந்தக் கொழகொழப்பை முறிந்த கைகாலில் அப்புவார்கள். காய்ந்ததும் அது மாவுக்கட்டுப் போல இறுகும். 1912-ல் லிவர்பூல் மருத்துவர் சார்லஸ் மக்காலிஸ்டர், ஆறாத புண்களில் இந்த வேரைப் பயன்படுத்திப் பார்த்து, அலன்டாயின் புதிய செல்கள் பெருகத் தூண்டுகிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1935-ல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் அதே பொருளை வேறோர் இடத்தில் கண்டார்: புண்ணில் புழுக்களை விட்டுக் குணப்படுத்தும் சிகிச்சையில், அந்தப் புழுக்களின் கழிவில். இன்று செயற்கையாகத் தயாரித்த அலன்டாயின் முகக் களிம்புகளில் இருக்கிறது. பசுவின் சிறுநீரிலும் இருக்கிறது. யூரிக் அமிலத்தை அலன்டாயினாக மாற்றும் நொதியைப் பெரும்பாலான பாலூட்டிகள் வைத்துக்கொண்டன. மனிதர்களும் மனிதக் குரங்குகளும் இழந்துவிட்டோம். நமக்குக் கீல்வாதம் ஏன் வருகிறது என்பதற்கு அங்கே பாதி விடை கிடைக்கிறது.

இவ்வளவு நல்ல செடியைச் சாப்பிட்டால் என்ன என்று தோன்றும். அங்கேதான் நிற்க வேண்டும். கம்ஃப்ரியின் பூங்கொத்தைப் பாருங்கள்: தேளின் வால்போலச் சுருண்டு, அடியிலிருந்து ஒவ்வொரு பூவாக விரிந்துகொண்டே நிமிரும். தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் அதே சுருளைப் பார்த்துத்தான் ஒரு செடிக்குத் தேள்கொடுக்கு என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒரே குடும்பம். குடும்பச் சொத்தாக இரண்டிலும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற நச்சுகள் உண்டு. உட்கொண்டால் கல்லீரல் அவற்றைச் சிதைக்க முயலும், அந்த முயற்சியில் பிறக்கும் பொருள்களே கல்லீரலைத் தாக்கும். நம் ஊர் நீல வரியன் பட்டாம்பூச்சியின் ஆண்கள், காய்ந்த தேள்கொடுக்கில் மொய்த்து இதே நச்சை உறிஞ்சி, பெண்ணை ஈர்க்கும் வாசனையைத் தயாரித்துக்கொள்கின்றன. நமக்கு அந்தத் திறமை இல்லை. 1978-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கம்ஃப்ரி கலந்த உணவைத் தின்ற எலிகளின் கல்லீரலில் கட்டிகளைக் கண்டார்கள். 2001-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், உட்கொள்ளும் கம்ஃப்ரி மாத்திரைகளை விற்பனையிலிருந்து விலக்கச் சொன்னது. ஆகவே கீரையாகவோ டீயாகவோ வேண்டாம். காயத்தில் அப்புவதும் வேண்டாம்.

கேட்கவே வருத்தமான விஷயம் இது, ஏனென்றால் இந்தச் செடியை முதலில் நேசித்தவர்கள் அதை உணவாகத்தான் கனவு கண்டார்கள். எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் காகஷால் என்ற ஊரில் ஹென்றி டபிள்டே என்ற குவேக்கர் இருந்தார். தபால்தலைகளின் பின்புறத்துக்கு வேண்டிய பசையில் வேலம்பிசினுக்கு மாற்றுத் தேடியவர். வழவழப்பான வேரைப் பற்றிக் கேள்விப்பட்டு, 1870-களில் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கம்ஃப்ரியை வரவழைத்தார். பசை கைகூடவில்லை. ஆனால் வந்து சேர்ந்தது இரண்டு இனங்கள் இயல்பாகக் கலந்த ஒரு கலப்பினம், சாதாரணக் கம்ஃப்ரியைவிட மிகச் செழிப்பானது. பஞ்சத்தைப் போக்கும் தீவனமாகவும் உணவாகவும் அது ஆகும் என்று நம்பி, 1902-ல் இறக்கும்வரை அதையே வளர்த்தார்.

அவரைப் பற்றிப் படித்து மனம் பறிகொடுத்தவர்தான் மேலே சொன்ன லாரன்ஸ் ஹில்ஸ். 1950-களில், காகஷாலுக்குப் பக்கத்து ஊரான போக்கிங்கில் நிலம் பிடித்து, டபிள்டேயின் பெயரிலேயே ஓர் ஆய்வுச் சங்கம் தொடங்கினார். ரஷ்யக் கம்ஃப்ரியில் தெரிந்த வேறுபாடுகளைப் பிரித்துப் போக்கிங் 1, 2, 3 என்று 21 வரை எண் கொடுத்தார். சாம்பல்சத்து மிகுந்து, உரத்துக்கு முதலிடம் பிடித்தது 14. அதற்கு இன்னொரு குணமும் இருந்தது. அது விதை பிடிப்பதில்லை. தோட்டத்தில் கண்ட இடத்தில் முளைத்துத் தொல்லை தராது. தேன் மட்டும் குறைவில்லாமல் சுரக்கிறது. நீண்ட நாக்குள்ள வண்டுத்தேனீ குழல்பூவின் வாய்வழியாக உறிஞ்சும். குட்டை நாக்குக்காரன் பூவின் பக்கவாட்டில் கடித்து ஓட்டை போட்டுத் திருடும். அந்த ஓட்டை வழியே சாதாரணத் தேனீ பின்னால் வந்து மிச்சத்தைக் குடிக்கும். இத்தனை விருந்துக்குப் பிறகும் ஒரு விதை இல்லை.

விதையில்லாததை வாழைபோலப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். கம்ஃப்ரிக்குப் பக்கக்கன்றுகூட வேண்டாம், விரல் நீள வேர்த்துண்டு போதும். புதிதாக அலாட்மென்ட் எடுத்த ஒருவர், முந்தைய குத்தகைக்காரர் கம்ஃப்ரியை விட்டுப்போனது தெரியாமல், மண்ணைக் கொத்துகிறார். மண்வெட்டி ஒரு கறுப்பு வேரை வெட்டுகிறது, மறுபடி வெட்டுகிறது. வசந்தத்தில் ஒரு செடி இருந்த இடத்தில் பத்துச் செடி. பக்கத்துத் துண்டுக்காரர் வந்து பார்த்து, நான்கு வேரைத் தாளில் சுற்றித் தன் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறார். அவர் கையிலிருப்பது போக்கிங் 14 என்றால், அது குட்டியோ பேத்தியோ கிடையாது. எழுபது வருடத்துக்கு முன் ஹில்ஸ் வரப்போரம் குனிந்து எண் எழுதி நட்ட அதே ஒரு செடியின் இன்னொரு துண்டு.