பழைய எம்.ஜி.பி.க்குப் புது டயர்

குளிர்காலம் முழுக்க ஷெட்டில் முக்காடு போட்டுக் கிடந்த எம்.ஜி.பி.யை இங்கிலாந்துக்காரர்கள் ஏப்ரல், மே வாக்கில் வெளியே தள்ளுவார்கள். பேட்டரிக்கு உயிர் வரும். குரோமியம் துடைக்கத் துடைக்க மின்னும். கடைசியாக டயருக்கு ஓர் உதை. பட்டன் ஆழமாகத்தான் இருக்கிறது. கறுகறுவென்று, போன மாதம் வாங்கியதுபோல நிற்கிறது. சிக்கலே அதுதான்.

1962 முதல் 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் இது. 1,798 சி.சி. இன்ஜின், சுமார் 95 குதிரைத்திறன். முழுதாக மிதித்தால் மணிக்கு 165 கி.மீ. தொடும். இன்று அதை வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்கு எடுப்பவர். ஆண்டுக்கு 2,000 கி.மீ. ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 40,000 கி.மீ. உழைக்கும் டயர் தேய்ந்து தீர 20 ஆண்டு ஆகும். ரப்பர் அதுவரை பொறுத்திருக்காது.

காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை அரித்துக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் டயர் செய்யும்போதே ஒருவகை மெழுகும் ரசாயனங்களும் கலக்கிறார்கள். ஓடும்போது டயர் நசுங்கி விரிவதில் அந்த மெழுகு மேலே கசிந்து மெல்லிய போர்வையாகப் படியும். ஓடாமல் நிற்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. உழைத்துக் கெடுவதைவிட உட்கார்ந்தே கெடுவது டயருக்கும் உண்டு. பக்கச்சுவரில், ரிம்மை ஒட்டிய இடத்தில், தலைமுடி அளவு வெடிப்புகள் தெரியும். வெடிப்பு தெரியாவிட்டாலும் ரப்பர் இறுகியிருக்கலாம். காய்ந்த சாலையில் அது காட்டிக்கொடுக்காது. ஒரு தூறல் போட்டு, ரவுண்டானாவில் திரும்பும்போதுதான் பின்பக்கம் வழுக்கும்.

பிரிட்டனில் 2021 பிப்ரவரி முதல் லாரி, பஸ்களின் முன்சக்கரங்களில் பத்து வயது தாண்டிய டயர் கூடாது. கார்களுக்கு அந்தத் தடை இல்லை. போதாக்குறைக்கு, 40 வயது கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. சொந்தக்காரரே குனிந்து பார்த்தால்தான் உண்டு.

குனிந்தால் என்ன தெரியும்? பக்கச்சுவரில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண்கள். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் பிறந்த டயர். சில டயர்களில் இது உள்பக்கச் சுவரில் மட்டும் இருக்கும். காருக்கடியில் தலையை விட்டுத்தான் படிக்க வேண்டும். கடையில் 'புதுசு' என்று கொடுப்பதையும் இப்படிப் படித்துவிட்டே வாங்குங்கள். அதிகம் விற்காத அளவுகள் கிடங்கிலேயே சில பிறந்தநாள் கொண்டாடியிருக்கக்கூடும்.

அடுத்து அளவு. ஆசை புத்தியை மிஞ்சும் இடம் இது. எம்.ஜி.பி. பிறந்தபோது அதற்குப் பூட்டியது 5.60-14 என்ற கிராஸ்பிளை டயர். உள்ளே நூல் அடுக்குகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும் பழைய வகை. பிறகு ரேடியல் வந்து 165 ஆர் 14 என்ற அளவு நிலைத்தது. கிராஸ்பிளைக்கு இன்று திரும்பிப்போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை, கண்காட்சிக்கு மட்டும் என்றால் தவிர. இரண்டையும் கலப்பது அதைவிட மோசம். முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்பிளையும் பூட்டினால், முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் விலகி ஓடும். பிரிட்டனில் அது சட்டப்படியே குற்றம்.

சரி, ரேடியல்தான். ஆனால் 165 போதுமா? ஒல்லியாக இருக்கிறதே, அகலமாகப் போட்டால் கம்பீரமாக இருக்குமே? 195/60 ஆர் 14 என்று யாராவது சொல்வார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 165 ஆர் 14இன் விட்டம் ஏறத்தாழ 626 மி.மீ. 195/60இன் விட்டம் 590. கிட்டத்தட்ட 6 சதவீதம் குட்டை. மீட்டர் 100 காட்டும்போது கார் 94இல்தான் போகும். அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுற்றும். கார் தரையை நோக்கிக் கொஞ்சம் இறங்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத காரை நிறுத்துமிடத்தில் திருப்ப, தோள்பட்டை வலிக்கும். ஸ்போக் வீல் என்றால் ரிம் அகலம் பொதுவாக நாலரை அங்குலம்தான். அதில் 195ஐ ஏற்றினால் டயர் தொப்பையாகப் பிதுங்கி நிற்கும்.

பின் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். பல கார்களில் விரல் நுழைய இடம் இருந்தால் பெரிது. பின் ஆக்ஸிலைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங்குகள். வளைவில் ஆக்ஸில் சற்றே பக்கவாட்டில் நகரும். டயர் உள்விளிம்பில் உரசும் 'கிரீச்' சத்தம் அப்போதுதான் கேட்கும். தவிர, அகலமான டயரின் கூடுதல் பிடிப்பு சும்மா வராது. அந்த இழுவையெல்லாம் அறுபதுகளின் கம்பிகள், புஷ்கள், ஹப்கள் மேல் ஏறும். மெல்லிய டயர் வழுக்குவதற்கு முன் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வழுக்கும். அந்த உரையாடல்தானே இந்தக் காரை ஓட்டும் சுகம்?

கொஞ்சம் அகலம் வேண்டும் என்றால் 185/70 ஆர் 14. விட்டம் 615 மி.மீ. அருகே, வித்தியாசம் 2 சதவீதத்துக்குள். ஆனால் விரல் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். வேகக் குறியீடு எஸ் என்றால் 180 கி.மீ., ஹெச் என்றால் 210. இந்தக் காருக்கு எஸ்ஸே போதும். ஹெச் கிடைத்தால் வாங்கலாம், அதற்காக அலைய வேண்டாம்.

165 ஆர் 14 தேடும்போது பின்னால் 'சி' ஒட்டிய டயர் சல்லிசாகக் கண்ணில் படும். அது சரக்கு வேனுக்கானது. சுமை தாங்கப் பக்கச்சுவரை இறுக்கியிருப்பார்கள். லேசான ஸ்போர்ட்ஸ் காரில் பூட்டினால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் பதிவாகும். பழைய கார்களுக்கென்றே அந்தக் காலத்துப் பட்டன் வடிவத்தில், இன்றைய ரப்பர் கலவையில் சிறு அளவில் செய்யும் டயர்கள் உண்டு. விலை கடிக்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை கடிக்கிற கடி என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்போக் வீல்காரர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. கம்பி முனைகள் ரிம்மைத் துளைத்து வருவதால் அந்த வழியாகக் காற்று கசியும், ட்யூப் கட்டாயம். ட்யூப்லெஸ் டயர் சிலவற்றின் உள்பக்கம் வரிவரியாக இருக்கும். காகித வில்லைகூட ஒட்டியிருக்கும். இரண்டும் ட்யூபை உரசி உரசி ஓட்டை போடும். உள்ளே கையால் தடவி, வழவழப்பாக இருந்தால் மட்டும் ட்யூபை வையுங்கள். ட்யூபும் புதிதாகவே இருக்கட்டும்.

நான்கையும் மாற்றியாயிற்று, பில்லும் கட்டியாயிற்று. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுங்கள். அதில் நான்கு எண்கள் இல்லை, மூன்றுதான்: 389. 2000க்கு முன் அப்படித்தான் அச்சிட்டார்கள். பத்தாண்டு எதுவென்று அதில் இருக்காது. 1979ஆம் ஆண்டின் 38ஆவது வாரமா, 1989இன் 38ஆவது வாரமா என்று யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கடைக்காரரிடம் ஐந்தாவது டயருக்கும் விலை கேளுங்கள்.