வாடகை வீட்டுக்கு எந்தப் பென்ட்ரி கபட்?

இரத்தினபுரி, பலாங்கொடை, எஹலியகொட, கேகாலை, மாவனல்லை போன்ற நகரங்களில், உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒன்றிரண்டு வீடுகளைக் கட்டி வாடகைக்கு விடுவது எமது வியாபாரிகள் பலரிடம் காணப்படும் வழக்கமாகும். சுற்றியுள்ள தோட்டங்களிலும் பாடசாலைகளிலும் அரச அலுவலகங்களிலும் கடமையாற்றுவோர் இவ்வீடுகளைத் தேடி வருகின்றனர். குடும்பத்தோடு வீடு பார்க்க வருபவர்கள் குசினியைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். எனவே, பளபளக்கும் பென்ட்ரி கபட் ஒன்றைப் பொருத்திவிட்டால் நல்ல வாடகை கிடைக்கும் என்று வீட்டுக்காரர் நினைப்பது நியாயமே.

ஆனால் இரண்டு மழைக் காலம் போவதற்குள் சிங்கிற்குக் கீழுள்ள பலகை ஊதி, கதவு மூடாமல், பிணைச்சல் கறல் பிடித்துவிட்டால், கூடுதலாகக் கிடைத்த வாடகை முழுவதும் திருத்த வேலைக்கே போய்விடும். நட்டம் யாருடையது என்ற வாக்குவாதத்தில் இரு தரப்புக்கும் மனக்கசப்பு வேறு.

ஈரம் எப்படி வேலை செய்கிறது?

இரத்தினபுரியில் வருடமொன்றுக்குச் சராசரியாக 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இரவிலும் அதிகாலையிலும் காற்றின் ஈரப்பதன் அடிக்கடி 90 வீதத்தைத் தொடும். காற்றிலுள்ள ஈரத்தை மரம் உறிஞ்சிக்கொள்ளும். ஈரப்பதன் 90 வீதமாக நீடித்தால் மரத்தின் நிறையில் சுமார் 20 வீதம் நீராகிவிடும். மரத்தை உக்கச் செய்யும் பங்கசு வளரத் தொடங்குவதும் ஏறக்குறைய இந்த அளவில்தான். இதோடு சோற்றுப் பானையின் ஆவி, சிங்கின் கசிவு, மழை ஊறிய வெளிச்சுவர் ஆகியனவும் சேர்கின்றன. கபட்டின் முன்பக்கம் காற்றுப்பட்டுக் காய்ந்துவிடும். அடிப்பகுதியும் முதுகுப்புறமும் காய்வதில்லை. கெடுதல் அங்கிருந்தே ஆரம்பிக்கிறது.

எந்தப் பொருள் நல்லது?

மரத்தூளையும் நாரையும் பசையால் அழுத்திச் செய்யப்படும் பார்ட்டிகிள் போர்ட், எம்.டி.எப். ஆகியவை விலை குறைந்தவை. மேலே ஒட்டப்பட்ட மெலமைன் படலத்தினூடாக நீர் புகாது. ஆனால் வெட்டிய ஓரங்களும் ஆணித் துளைகளும் திறந்தே இருக்கும். அவற்றின் வழியே நீர் புகுந்தால் பலகை ஊதும். ஊதிய பலகை காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. உட்பகுதி பச்சை நிறமான எம்.டி.எப். காற்றின் ஈரத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். தேங்கும் நீரை அதுவும் தாங்காது. இவற்றை மேல் கபட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பிளைவூட் வாங்கும்போது பசையின் தரத்தைக் கேளுங்கள். இந்தியத் தர நியமம் 710இன் கீழ் வரும் மரீன் பிளைவூட் 72 மணிநேரம் கொதிநீரில் கிடந்தாலும் படைகள் பிரியக் கூடாது. 'மரீன்' என்று முத்திரை மட்டும் குத்தியும் பலகை விற்கப்படலாம். சிறு துண்டொன்றை வாங்கி வீட்டில் சில மணிநேரம் கொதிக்க வைத்தாலே மோசமான பசை தெரிந்துவிடும்.

மரம் என்றால் தேக்கு, பலா ஆகியவற்றின் வைரப் பகுதி கறையானையும் ஈரத்தையும் நன்கு தாங்கும். வெளிறிய வெளிப்பகுதி தாங்காது. எமது பிரதேசத்தில் தாராளமாகக் கிடைக்கும் இறப்பர் மரம், போரன் மருந்தூட்டி உலர்த்தப்படாவிட்டால் விரைவில் பூச்சி அரித்துவிடும்.

அலுமினியம் உக்காது, கறையானும் தொடாது. ஆனால் மெல்லிய தகட்டுச் சட்டங்கள் விரைவில் ஆட்டம் காணும். சாதாரண இரும்பு ஆணி போட்டால் ஆணி கறல் பிடிப்பதோடு அதைச் சுற்றியுள்ள அலுமினியமும் அரிபடும். துருப்பிடிக்காத உருக்கு ஆணியே பொருத்தம். பி.வி.சி. பலகையும் நீருக்கு அஞ்சாதது. எனினும் சூட்டில் இளகும் என்பதால் அடுப்புக்குப் பக்கத்தில், குறிப்பாக விறகடுப்புள்ள குசினியில், அதைத் தவிர்க்க வேண்டும்.

வாடகை வீட்டுக்குச் சிறந்த வழி

கீழ்ப்பகுதிக்குக் கல் கட்டி, கொங்கிரீட் தட்டுப் போட்டு, டைல்ஸ் பதித்து, அலுமினியச் சட்டக் கதவை மட்டும் பொருத்துவதே நீண்ட காலம் உழைக்கும். கதவு பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். 2003 மேயிலும் 2017 மேயிலும் களுகங்கை பெருக்கெடுத்தபோது இரத்தினபுரியில் நீர் புகுந்த வீடுகள் ஏராளம். இவ்வாறான தாழ்ந்த இடங்களில் கொங்கிரீட் தட்டைக் கழுவி மீண்டும் பாவிக்கலாம். நனைந்த எம்.டி.எப்.பை வீசத்தான் வேண்டும்.

விலையை வருடக் கணக்கில் பாருங்கள். ஓர் உதாரணத்துக்கு, 120,000 ரூபா கபட் 4 வருடம் உழைத்தால் வருடச் செலவு 30,000 ரூபா. 210,000 ரூபாவுக்குச் செய்தது 12 வருடம் உழைத்தால் வருடத்துக்கு 17,500 ரூபா மாத்திரமே.

எந்தப் பொருளானாலும் பாஸிடம் வேலையை ஒப்படைக்கும்போது இவற்றைச் சொல்லிவிடுங்கள்: பலகைக் கபட்டின் அடி தரையிலிருந்து 4 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். வெளிச்சுவருக்கும் முதுகுப் பலகைக்கும் இடையில் காற்றோட இடைவெளி வேண்டும். சிங்கிற்குக் கீழ் முதுகுப் பலகை வேண்டாம், கதவில் காற்றுத் துவாரம் வைக்க வேண்டும். வெட்டிய ஓரம் ஒவ்வொன்றும் மூடப்பட வேண்டும்.

அமானிதமும் பொறுப்பும்

இஸ்லாமிய இஜாரா சட்டத்தில் வாடகைக்கு எடுத்தவர் அப்பொருளுக்கு அமானிதக்காரர். அவரது கவனக்குறைவாலோ வரம்பு மீறலாலோ ஏற்பட்ட சேதத்துக்கே அவர் பொறுப்பு. வழமையான பாவனையில் தேய்ந்ததற்கும், ஈரத்தைத் தாங்காத பலகையைப் போட்டதால் ஊதியதற்கும் முற்பணத்தில் கழிப்பது நியாயமாகாது. அதேவேளை, குழாய் கசிவதைக் கண்டும் மாதக் கணக்கில் அறிவிக்காமல் இருந்த குடியிருப்பாளர் தன் பொறுப்பை மறுக்க முடியாது. வீடு கையளிக்கும் நாளில் கபட்டின் உட்புறத்தை இருவரும் சேர்ந்து படமெடுத்து, கசிவு கண்டால் எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் உணவுக் குவியலொன்றினுள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதையும், நனைந்ததை அடியில் மறைத்த வியாபாரியை அவர்கள் கடுமையாக எச்சரித்ததையும் ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது. ஊதிய பலகைக்கு மேல் புதிய ஸ்டிக்கர் ஒட்டி அடுத்தவருக்கு வீட்டைக் காட்டுவதும் இதே வகைதான். பழுதைச் சொல்லி, திருத்திக் கொடுத்து வாங்கும் வாடகையிலேயே பரக்கத் இருக்கிறது.